கொட்டிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்



உங்கள் வீட்டு விறாந்தையின் மூலையிலோ, குசினிக்குப் பின்னாலுள்ள கொட்டிலிலோ ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கின்றதா? அதன் மேல் பழைய சாரம் ஒன்றோ, உரப்பைகளைப் பிரித்துத் தைத்த படங்கு ஒன்றோ போர்த்தப்பட்டிருக்கின்றதா? அப்படியாயின் இக்கட்டுரை உங்களுக்கானது.

"வண்டி வாகனம் ஆண்களின் சமாசாரமல்லவா? மௌலவி இதைப் பெண்களுக்கு எழுத வந்தது ஏன்?" எனச் சிலர் கேட்கக்கூடும். ஓடுகின்ற வண்டி ஆண்களிடம் இருக்கலாம். நிற்கின்ற வண்டிக்குக் காவலிருப்பவர்கள் பெண்களே. வீட்டுக்காரர் கட்டாருக்கோ குவைத்துக்கோ பயணமாகி ஒன்றரை வருடம் கடந்திருக்கும். மகன் கொழும்பில் வேலைக்குப் போயிருப்பான். அல்லது வண்டியை ஓட்டியவர் இனித் திரும்பி வரமுடியாத இடத்துக்குப் போயிருப்பார்.

என் மூத்த ராத்தாவின் வீட்டில் நடந்தது இந்த மூன்றாவது வகை.

ராத்தா, வவுனியா மன்னார் வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போகும் ஒரு கிராமத்தில் இருக்கின்றார். புத்தளத்தில் இருபது வருடங்கள் அகதியாக வாழ்ந்து, யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பம். மச்சான் சிறு வியாபாரி. பஜாஜ் சீ.டி. 100 வண்டியொன்றின் பின்னால் பெட்டி கட்டி, கிராமம் கிராமமாகப் புடவை விற்று வந்தார். ஒரு புரட்டாதி மாதம், மழை தொடங்குவதற்குச் சற்று முன் அவர் வபாத்தானார். வண்டி கொட்டிலில் நின்றது. ராத்தா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாட்களும். வன்னியில் அந்தக் காலம் முழுவதும் மாரி. கூரையிலிருந்து ஒழுகும் நீரும், நிலத்திலிருந்து கிளம்பும் ஈரமும் கொட்டிலை விட்டுப் போகாத காலம்.

தை முடிகின்ற நேரம் இத்தாவும் முடிந்தது. ராத்தாவின் மகள் பாலர் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. ஏழு கிலோமீற்றர் தூரம். காலையில் ஒரே ஒரு பஸ். அது வராத நாளில் அவளுக்குப் பாடசாலை இல்லை. மச்சான் உயிரோடிருந்த காலத்திலேயே அவளுக்கு வண்டி ஓடப் பழக்கி, லைசன்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். இனி வாப்பாவின் வண்டியிலேயே போய்வரலாம் என்று அவள் நினைத்தாள். அவளுடைய தம்பி, பதினாறு வயதுப் பொடியன், படங்கை நீக்கி வண்டியை முற்றத்துக்குத் தள்ளி வந்து கிக்கரை உதைத்தான். அஸருக்குத் தொடங்கியவன் மஃரிப் பாங்கு சொல்லும்வரை உதைத்தான். பெற்றோல் மணம் வீடெங்கும் பரவியதே தவிர வண்டி இருமக்கூட இல்லை.

மறுநாள் யாரோ ஒருவர் வந்து பார்த்தார். "இஞ்சின் போயிட்டு. திறந்தா பெரிய செலவு முடியும். வேணுமெண்டா நான் இருக்கிறபடி எடுக்கிறன்" என்றார். அவர் சொன்ன விலை, அந்நேரச் சந்தை விலையில் காற்பங்கும் வராது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாமல் இருந்த காலத்தில் நடந்த கதை இது. பழைய மோட்டார் சைக்கிளின் விலை அப்போது எப்படி ஏறியிருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ராத்தா எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, குடுத்திரவா? பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமா இருக்கி."

நான் பொறுக்கச் சொன்னேன். இயந்திர அறிவு இருந்து அல்ல. எனக்கு அப்போது அது சிறிதும் இல்லை. அந்த வண்டி ராத்தா ஒருவருடைய பொருளாக இருக்கவில்லை என்பதே காரணம். கடனும் அடக்கச் செலவும் போக, பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மச்சானின் உம்மா உயிரோடு இருந்தபடியால் அவருக்கு ஆறில் ஒரு பங்கு. மிகுதி மகனுக்கு இரண்டும் மகளுக்கு ஒன்றுமான விகிதத்தில். மரணசாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்துக்கு நமது நாட்டில் 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படியும் இந்த ஷரீஅத் பங்கீடே செல்லும். பதினாறு வயதுப் பையனின் பங்கும் அந்த வண்டிக்குள் இருக்கும்போது, காற்பங்கு விலைக்குத் தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? "சும்மாதானே நிக்குது" என்று சொல்லி மௌத்து வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஆறு மாதம் ஓடும் மாமாமாரும் சாச்சாமாரும் இவ்விடத்தைச் சற்று நிறுத்தி வாசிக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது, அயல் கிராமத்திலிருந்து ஒரு முதியவரை அழைத்துப் போனேன். தமிழர். கிளிநொச்சியில் பிறந்து, வன்னி முழுவதும் இடம்பெயர்ந்து, வாழ்நாளெல்லாம் மோட்டார் சைக்கிள் திருத்தியவர். அவர் கிக்கரில் காலே வைக்கவில்லை. கொட்டிலின் வாசலில் குந்தியிருந்து கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு நாளாய் நிண்டது, தங்கச்சி?"

"நாலரை மாசம்."

"டாங்கியில பெற்றோல் எவ்வளவு இருந்தது?"

"கொஞ்சம்தான் இருந்திருக்கும்."

"கொஞ்சம் எண்டா கூடாது. ஒண்டில் நிரம்ப இருக்க வேணும். இல்லாட்டி ஒண்டுமே இருக்கக்கூடாது."

பிறகு ஒரு கண்ணாடிக் கிளாஸ் கேட்டார். காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள சிறு ஆணியைத் தளர்த்தி, அதிலிருந்து வடிந்ததைக் கிளாஸில் ஏந்தி வெயிலில் பிடித்தார். பிளேன்டீயின் நிறம். வார்னிஷ் பூசிய புதுக் கதவின் மணம். அடியில் துருநிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக உருண்டு கிடந்தது. "இதைக் குடிச்சு எந்த இஞ்சின் வேலை செய்யும்?" என்றார்.

பெற்றோலைத் தண்ணீரைப் போன்ற ஒரே பொருளென நாம் நினைக்கின்றோம். அது பல எண்ணெய்களின் கலவை. அவற்றுள் மெல்லியவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் சட்டெனத் தீப்பற்றுபவையும் அவைதான். அவை போனபின் மிஞ்சுவது கனத்த, பிசுபிசுத்த பகுதி. அது காற்றோடு கூடி நாட்செல்லப் பிசினாகும். காபரேட்டருக்குள் 'ஜெட்' எனப்படும் சிறு பித்தளைத் துண்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றின் துளை ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. பிசின் பிடித்து அது அடைபட்டால் நூறு தரம் உதைத்தாலும் பயனில்லை. தையல் ஊசியின் காதில் மெழுகு அடைத்தால் நூல் ஏறுமா?

தண்ணீர் எங்கிருந்து வந்தது? டாங்கி பாதி வெறுமையாக இருந்தால் மேற்பாதி முழுவதும் காற்று. மாரிக்காலத்துக் காற்று ஈரம் நிறைந்தது. இரவில் தகரம் குளிர, ஐஸ் தண்ணீர்க் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, டாங்கியின் உட்சுவர் வியர்க்கும். தண்ணீர் பெற்றோலிலும் பாரமானதாகையால் அடியில் இறங்கித் தங்கும். அங்கே துருவைத் தொடக்கும். 'நிரம்ப இருக்க வேணும், இல்லாட்டி ஒண்டுமே இருக்கக்கூடாது' என்ற முதியவரின் பேச்சுக்குப் பொருள் இதுதான்.

கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள நம் நாட்டவர்கள் பனி தொடங்கும் கார்த்திகையளவில் மோட்டார் சைக்கிளை உள்ளே வைத்துப் பூட்டி, பங்குனி சித்திரையில்தான் வெளியே எடுப்பார்கள். அங்கே அது வருடாவருடம் நடக்கும் காரியம் என்பதால் வைப்பதற்கும் எடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. நமக்குப் பனி இல்லை. ஆனால் மாரி இருக்கின்றது, வெளிநாட்டுப் பயணம் இருக்கின்றது, மௌத்து இருக்கின்றது. வண்டி நின்றுதான் போகின்றது. ஒழுங்குதான் இல்லை.

இல்லை என்று முழுவதுமாகச் சொல்லிவிடவும் முடியாது. ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டே முதியவர் சொன்ன கதையைக் கேளுங்கள்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. பற்றரி, சவர்க்காரம் போன்றவையும் தடைப்பட்டியலில் இருந்தன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அது ஆவியாவதற்குச் சூடு வேண்டும். எனவே அருமந்த பெற்றோலை ஒரு சிறு போத்தலில் வைத்து, சில துளிகளை மட்டும் கொடுத்து ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும். பிளக்கில் கரி படியும். கிழமைக்கொரு தரம் கழற்றித் தேய்க்க வேண்டும். "அந்த நாளில பெற்றோல் துளி ஒவ்வொண்டையும் கண்ணில விடுற மருந்து போலத்தான் பாவிச்சம்" என்றார். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்து, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபின்னரே நிலைமை மாறியது. ஒரு வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகின்றது, ஏன் ஆகவில்லை என்பதை வன்னி மெக்கானிக்மார் அந்தப் பன்னிரண்டு வருடங்களில் படித்ததைப் போல எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் நாம் அங்கே இருக்கவில்லை. 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் ஒரு ஹொண்டா நின்றது. புறப்படும்போது வாப்பா அந்த அவதியிலும் அதன் பெற்றோல் டெப்பைப் பூட்டி, சீற்றின் மேல் சாக்கைப் போர்த்து, திறப்பை அடுப்படிக் கூரையில் செருகிவிட்டு வந்தார். ஒரு கிழமையில் திரும்பி வரலாம் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். திரும்பியபோது வண்டியும் இல்லை, கூரையும் இல்லை. இதைச் சொன்னதும் முதியவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தன்னுடைய வண்டியையும் கருவிப் பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தவர் அவர். அந்தக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஜெட்டைத் தூக்கி வெயிலில் பிடித்துத் துளை வழியே பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது.

வயர்த் துண்டிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால்தான் அவர் அதைச் சுத்தம் செய்தார். ஊசியை விடக்கூடாதாம். பித்தளை மென்மையானது, துளை பெருத்துவிட்டால் பிறகு பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். பிளக்கைக் கழற்றினார். பையன் உதைத்த உதையில் அது நனைந்து கறுத்திருந்தது. துடைத்துக் காயவைத்தார். டாங்கியில் இருந்ததை ஒரு கானில் வடித்துவிட்டுப் புதுப் பெற்றோல் ஒரு லீற்றர் ஊற்றினார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. சைலன்சருக்குள் இருந்து ஒரு பிடி மண் சிதறி விழுந்தது. குளவிக்கூடு! ராத்தா சிரித்தார். மச்சான் போனபின் நான் பார்த்த முதற் சிரிப்பு.

இனி, சகோதரிகளே, உங்கள் கொட்டிலுக்கு வருவோம்.

திறப்பைத் தேடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். படங்கை நீக்கும்போது கையை விடாமல் ஒரு தடியால் நீக்குங்கள். வன்னியில் மாரிக்குப் பின் அதனடியில் என்ன சுருண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சீற்றுக்கடியில் எலி கூடு கட்டி வயரை அரித்திருக்கின்றதா? சைலன்சர் வாயிலும் காற்று உள்ளே போகும் வழியிலும் குளவி மண் வைத்திருக்கின்றதா? டயர்களில் காற்று குறைந்திருப்பது இயல்பே. ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் காற்றடித்தும் பயனில்லை. இஞ்சின் ஒயிலைப் பாருங்கள். தேன் நிறமோ கறுப்போ ஆனால் பாதகமில்லை. பால்தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. அதை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி விவகாரம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானபோது எத்தனையோ வண்டிகள் சீற்றுவரை நீரில் நின்றன. நீர் வடிந்ததும் வடியாததுமாக அவற்றை உதைத்துப் பார்த்தவர்கள் பலர். இஞ்சினுக்குள் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது பலமாகச் சுழற்றினால் உள்ளிருக்கும் இரும்புத்தண்டே வளைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியின் திறப்பைத் திருகவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

சும்மா நின்ற வண்டியாயின், டாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். புதுப் பெற்றோலின் கூரிய மணம் உங்களுக்குப் பழக்கமானதே. அதற்குப் பதிலாகப் புளித்த, வார்னிஷ் போன்ற மணம் வந்தால் அதை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மாதம் நின்றதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம்; நமது வெப்பத்தில் ஆவியாவது அதிகம்.

வடித்த பழைய பெற்றோலை என்ன செய்வது? இவ்விடத்தில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். அடுப்பு மூட்டப் பாவிக்காதீர்கள். மண்ணெண்ணெய் குக்கரிலோ விளக்கிலோ ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் சாதாரண அறைச் சூட்டில் தீக்குச்சியைக் காட்டியதும் பற்றிவிடாது. பெற்றோலோ எந்தக் குளிரிலும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமாகையால் நிலத்தோடு தவழ்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பைத் தேடிப் போகும். பழையதாகிக் கெட்டுப்போன பெற்றோலும் மனிதரை எரிப்பதற்குப் போதுமானது. கிணற்றடியிலும் ஊற்றவேண்டாம். மூடியுள்ள கானில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்; உதிரிப்பாகம் கழுவ அவர்களுக்கு உதவும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எத்தனை வீடுகளில் அதைச் சோடாப் போத்தல்களில் அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள்! அதனால் தீ விபத்துகளும் நடந்தன. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று ஆனபோதுதான் அந்தப் போத்தல்கள் குறைந்தன. மிஞ்சியிருந்தால் இன்றே தேடிப் பாருங்கள்.

இந்த வேலையெல்லாம் பகலில், வெளிமுற்றத்தில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் தூரத்தில் நடக்கட்டும். மூடிய கொட்டிலுக்குள் இஞ்சினை ஓடவிடக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தலைச்சுற்றும்தான் பெரும்பாலும் முதல் அறிகுறிகள்.

புதுப் பெற்றோல் ஊற்றி டெப்பைத் திறந்ததும் உதைக்கத் தொடங்கிவிடாதீர்கள். காபரேட்டர் நிரம்ப ஒரு நிமிடம் விடுங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் இஞ்சின் ஒயில் நான்கைந்து துளி விட்டு, திறப்பைப் போடாமல், கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துத் தரம் அமர்த்தவேண்டும். உலர்ந்து கிடக்கும் உட்பாகம் உராய்ந்து கெடாமல் இருப்பதற்காக. பிறகு பிளக்கைப் பூட்டி, சோக்கை இழுத்து, அக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். ஐந்தாறு உதையில் பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். பெற்றோல் மணம் கிளம்பினால் அளவுக்குமேல் போய்விட்டது என்று பொருள். சோக்கைத் தள்ளி, அக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்து இரண்டு மூன்று தரம் உதைத்தால் மிகுதி வெளியேறிப் பிடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் ஜெட் அடைபட்டிருக்கின்றது. உதைப்பதை விட்டுக் காபரேட்டரைக் கழற்றுகின்ற கையைத் தேடுங்கள். எங்கள் பையன் செய்தது போல மஃரிப்வரை உதைத்தால் காலும் போகும், கிக்கரின் பல்லும் தேயும்.

பற்றரியைப் பற்றி ஒரு சொல். நின்றாலும் அதன் சக்தி தானாகக் குறையும். வெறுமையாகிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் சார்ஜ் ஏற்றினாலும் மீளாது. கிக்கர் உள்ள பல பழைய வண்டிகள் பற்றரி செத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஹோர்னும் சிக்னலும்தான் வேலை செய்யா. பட்டன் ஸ்டார்ட்டாயின் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையில் ஓய்வு கொடுங்கள். இப்போது வரும் புதிய வண்டிகளில் காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலை ஊசிபோலப் பீச்சும் முறை இருக்கின்றது. அவற்றுக்கு நல்ல பற்றரி இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிசின் பிடித்தாலும் வீட்டில் கைவைக்க வேண்டாம்.

பிடித்தவுடன் வெண்புகை சிறிது வரும். உள்ளே இருந்த ஈரம். பயப்பட வேண்டாம். நீலப்புகை நின்றுவிடாமல் வந்துகொண்டே இருந்தால்தான் காட்டவேண்டும். சத்தம் சீரானதும் சோக்கைத் தள்ளுங்கள். வீதியில் ஏறுவதற்கு முன் வளவுக்குள்ளேயே தள்ளிப் பார்த்து இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, பிடித்தபின் விடுகின்றனவா என்று சோதியுங்கள். ஈரத்தில் நின்ற பிரேக் ஒட்டிக்கொள்வதுண்டு. கிளச்சும் அப்படியே: கியரைப் போட்டதும் வண்டி துள்ளி ஓடினால் உள்ளே தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. செயினுக்கு ஒயில் விடுங்கள். வண்டிதான் உயிர் பெற்றுவிட்டதே என்று காப்புறுதியும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் காலாவதியானதைப் பார்க்காமல் வீதிக்கு எடுப்பவர்களும் இருக்கின்றார்கள்.

கராஜுக்குக் கொடுக்க நேர்ந்தால், வண்டி எத்தனை மாதம் நின்றது என்பதையும் பெற்றோல் மாற்றினீர்களா என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். இந்த இரண்டும் தெரிந்த பெண்ணிடம் 'இஞ்சின் போயிட்டு' என்ற சொல் இலகுவில் வராது.

ராத்தாவின் மகள் இப்போது அந்த வண்டியில்தான் பாலர் பாடசாலைக்குப் போய் வருகின்றாள். பங்கைப் பொறுத்தவரை, மூவரின் சம்மதத்தோடும் வண்டிக்கு விலை மதித்து, மாமியின் பங்கைப் பணமாகக் கொடுத்தோம். பையனின் பங்கை அவன் பேரில் வங்கியில் போட்டோம். பெண்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பற்றி என்னிடம் பத்வாக் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஸஹாபிப் பெண்கள் ஒட்டகத்தில் ஏறிப் பயணம் செய்தார்கள் என்பதை நினைவுபடுத்தினேன். ஹெல்மெட்டைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை. அதை நானாகவே வற்புறுத்தினேன்.

சென்ற புரட்டாதியில் பிள்ளைக்குக் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. மாரி முடியும்வரை வண்டி மீண்டும் கொட்டிலில் நிற்க வேண்டியதாயிற்று. இம்முறை ராத்தாவே முன்னின்றார். டாங்கியைக் கழுத்துவரை நிரப்பி வந்தார்கள். முற்றத்தில் இஞ்சினை ஓடவிட்டு, பெற்றோல் டெப்பைப் பூட்டினார். காபரேட்டரில் இருந்தது தீர்ந்து வண்டி தானாக நிற்க மூன்று நிமிடம் பிடித்தது. பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி நாடாவால் சுற்றினார்கள். இரட்டை ஸ்டாண்டில் ஏற்றி, டயருக்கடியில் பலகை வைத்தார்கள். சைலன்சர் வாயைப் பழைய துணியால் அடைத்தார்கள். பொலித்தீன் போடவில்லை, அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து வியர்க்கச் செய்யும் என்று முதியவர் சொல்லியிருந்தார். பழைய பருத்திச் சேலை ஒன்றைத்தான் போர்த்தினார்கள். கிழமைக்கொரு தரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கட்டுமா என்று பிள்ளை கேட்டாள். அதுவும் வேண்டாமாம். இஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தினால் ஒயிலில் தண்ணீர்தான் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். இல்லையேல் அமைதியாக நிற்க விட வேண்டும்.

கடைசியாக ராத்தா ஒரு கொப்பித் தாளைக் கிழித்து எழுதி ஹாண்டிலில் கட்டினார். நான் போய் வாசித்துப் பார்த்தேன். "டெப் பூட்டியிருக்கு. சைலன்சரில் துணி இருக்கு. புரட்டாதி 20."